தெரியாத கேள்விக்கு அடிக்கலாமா, விடலாமா? நெகட்டிவ் மார்க் கணக்கு

2025 மார்ச் 2, மாலை. ஒரு ரிப்பீட்டர் தங்கை கேட்டது

நீட் இரண்டாம் முறை எழுதுகிறேன். ஒவ்வொரு மாக் டெஸ்ட்டிலும் இருபது கேள்வியாவது தொடாமல் வருகிறேன். கோச்சிங்கில் "தெரியாததைத் தொடாதே, தவறாகும் வாய்ப்பு 75 சதவீதம்" என்கிறார்கள். பக்கத்து பெஞ்ச் பெண் இங்கி பிங்கி பாங்கி போட்டு எல்லா வட்டத்தையும் நிரப்பிவிடுகிறாள். அவளுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. யார் சொல்வது சரி? நான் பயாலஜி குரூப், கணக்கு பத்தாம் வகுப்போடு சரி. அதற்குத் தகுந்த மாதிரி சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு. என் பதில்

75 சதவீதம் சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு. எத்தனை முறை தோற்பேன் என்று மட்டும் பார்க்கிறது. தோற்றால் எவ்வளவு போகும், ஜெயித்தால் எவ்வளவு வரும் என்று பார்க்கவில்லை.

நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கு கேள்வியைக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. 4 − 3 = 1. ஆக கேள்விக்குக் கால் மார்க் லாபம். ப்ளஸ் டூ கணக்கில் நிகழ்தகவு பரவல்கள் பாடத்தில் எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெரிய குறியீடெல்லாம் போட்டு வருவது இதுதான்: ¼ × 4 − ¾ × 1.

எந்த இடத்தில் லாபம் தொடங்குகிறது? சரியாகும் வாய்ப்பு p என்றால் 4p − (1 − p) பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டும். p ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் போதும். கண்ணை மூடினாலே நான்கில் ஒன்று கிடைக்கிறது.

எல்லாத் தேர்விலும் இப்படி இல்லை. கேட் ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள்: ¼ − ¾ × ⅓ = 0. கேட் என்றால் எஞ்சினியரிங்காரர்களின் கேட். எம்பிஏ கேட்டிலும் சரிக்கு 3, தவறுக்கு 1, அதுவும் பூஜ்யம். யூபிஎஸ்சி பிரிலிம்ஸிலும் மூன்றில் ஒன்று, பூஜ்யம். வங்கித் தேர்வில் ஐந்து ஆப்ஷன், கால் மார்க் கழிவு: ⅕ − ⅘ × ¼, மறுபடியும் பூஜ்யம். இவை கண்ணை மூடி அடிப்பவருக்கு லாபமும் நஷ்டமும் இல்லாதபடி யோசித்து வைத்த கழிவுகள். நீட்டும் ஜேஇஇ மெயினும் கொஞ்சம் தாராளம்.

அதனால் பக்கத்து பெஞ்ச் பெண் பக்கம்தான் கணக்கு நிற்கிறது. இப்போதைக்கு.

மார்ச் 3

"அண்ணாச்சி, கால் மார்க் எந்த ஷீட்டில் விழுந்தது? 4 விழும், இல்லையென்றால் −1 விழும்" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். நியாயம்தான். பகடையின் சராசரி 3.5, அந்தப் பக்கம் எந்தப் பகடையிலும் கிடையாது. சராசரி என்பது கூட்டிப் பங்கிட்டால் வருவது, கையில் கிடைப்பது அல்ல.

கையில் என்ன கிடைக்கும் என்று பார்க்க, நான்கு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்கும் தவறாக வாய்ப்பு ¾ × ¾ × ¾ × ¾ = 81/256, சுமார் 32 சதவீதம். அப்போது மார்க் −4. மற்ற எல்லா நிலையிலும் ஒன்றாவது சரி, குறைந்தது +1. ஒரே கேள்வியாக இருந்தால் 75 சதவீதம் நஷ்டம். அதே பழக்கத்தோடு நான்கு கேள்வி அடித்தால் 68 சதவீதம் லாபம்! கோச்சிங்கில் சொன்ன 75, ஒரே ஒரு கேள்வி எழுதுகிறவருக்கான எண்.

தங்கை விட்டுவிட்டு வரும் இருபது கேள்விக்குப் போட்டால் (ஈருறுப்புப் பரவல், n = 20, p = ¼) மூன்றோ அதற்குக் குறைவாகவோ சரியாகி மார்க் குறைய வாய்ப்பு 22.5 சதவீதம். சரியாக நான்கு சரியாகி பூஜ்யத்தில் நிற்க 19 சதவீதம். மீதி 58.5 சதவீதம் ஏதாவது ஒரு லாபம். சராசரி லாபம் 5.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

அந்தச் சராசரி 5-ஐ மட்டும் பார்த்துவிட்டு யாரும் ஓடிவிட வேண்டாம். ஒரு கேள்விக்கு வர்க்கங்களின் சராசரி 16 × ¼ + 1 × ¾ = 4.75. அதில் கால் மார்க்கின் வர்க்கம் 0.0625-ஐக் கழித்தால் 4.6875. இது விலக்க வர்க்கச் சராசரி. இருபது கேள்விக்கு இருபது மடங்கு, 93.75. வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் 9.7. ஐந்து மார்க் லாபம் என்கிறோம், அதைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்து மார்க் ஆடும். பக்கத்து பெஞ்ச் பெண் ஒரு மாக்கில் 15 கூடி வந்து சிரிப்பாள், அடுத்ததில் 5 குறைந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இரண்டுக்கும் அவள் ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 4

"கேள்வி கூடக் கூட நஷ்டம் குறையும் என்றீர்கள், ஆறு கேள்விக்குப் போட்டால் நஷ்ட வாய்ப்பு 53 சதவீதம் வருகிறதே?" என்று ஜேஇஇ தம்பி ஒருவர் மடக்கியிருக்கிறார்.

கூடக் கூடக் குறையும் என்று நான் எழுதவில்லை, ஆனால் 53 சரியான விடை. ஆறில் ஒன்று சரியானால் 4 − 5 = −1, அதுவும் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஐந்தில் ஒன்று சரியானால் 4 − 4 = 0, நஷ்டமில்லை. அதனால் ஐந்து கேள்விக்கு நஷ்ட வாய்ப்பு 24 சதவீதம், ஆறுக்கு 53. படிப்படியாக இறங்காமல் ஏறி இறங்கித்தான் போகும், நீண்ட தூரத்தில் இறங்கும். எதிர்பார்ப்பு மதிப்பு மட்டும் 1.25-இலிருந்து 1.5-க்குச் சத்தமில்லாமல் ஏறுகிறது. நஷ்டம் வருமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வரும் என்பது இன்னொரு கேள்வி. தம்பி போட்ட கணக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட நல்ல உதாரணம். வகுப்பில் திருடிக்கொள்கிறேன்.

மார்ச் 6

இரண்டு நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே போட்ட எல்லாவற்றிலும் ¼ என்று எடுத்துக்கொண்டோம். அந்த ¼ எங்கிருந்து வந்தது?

நிஜமாகவே சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்தால்தான் அது ¼. தேர்வு அறையில் யாரும் அப்படி எடுப்பதில்லை. நான்கு ஆப்ஷனையும் படிப்பார்கள், "இது பார்த்த மாதிரி இருக்கிறது" என்று ஒன்றைக் கருக்குவார்கள். கேள்வி எடுப்பவருக்கு அது தெரியும். பார்த்த மாதிரி இருப்பதைத்தான் அவர் தவறான விடையாக வைப்பார்.

நீட் பயாலஜியிலேயே ஒன்று. அப்பா அம்மா இருவரும் கதிர் அரிவாள் இரத்தச் சோகைக்குக் கேரியர்கள், அதாவது நோய் மரபணு ஒன்றைச் சுமந்தாலும் நோய் இல்லாதவர்கள். பிறந்த பிள்ளைக்கு நோய் இல்லை. அந்தப் பிள்ளை கேரியராக இருக்க நிகழ்தகவு என்ன? ஆப்ஷன்கள்: ¼, ½, ⅔, ¾.

என் டியூஷனில் இதைப் போட்டால் கூட்டம் ½ பக்கம் சாயும். 1:2:1 என்று மனப்பாடம், நடுவில் இருப்பது பாதி, கை அங்கே போகிறது. ஒரு பெண் கேள்வித்தாள் ஓரத்தில் புன்னெட் கட்டத்தை (அப்பா, அம்மா மரபணுக்கள் சேரும் நான்கு வழியையும் காட்டும் கட்டம்) ஒழுங்காக வரைந்து, நான்கு கட்டத்தில் இரண்டை வட்டமிட்டு, ½ என்றே எழுதியிருந்தாள். நோய் உள்ள கட்டத்தை அடிக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு நோய் இல்லை என்று சொன்ன அந்த நொடியே நான்கு கட்டம் மூன்றாகிவிட்டது. மூன்றில் இரண்டு, ⅔. நிபந்தனை நிகழ்தகவு என்றால் இதுதான்: வந்த செய்திக்குப் பொருந்தாத கட்டத்தை அடித்துவிட்டு மீதியில் எண்ணுவது.

இந்த மாதிரிக் கேள்வியில் உள்ளுணர்வை நம்பி அடிப்பவருக்கு வாய்ப்பு ¼ இல்லை. ⅕-ஐவிடவும் கீழே போகலாம். அங்கே ஒவ்வொரு அடியும் நஷ்டம். ஒன்றுமே படிக்காமல் இங்கி பிங்கி போட்டவன் ¼ வாங்கிவிடுவான், அரைகுறையாகப் படித்தவன் வாங்கமாட்டான்.

ஆகவே தங்கைக்கு என் பதில் கொஞ்சம் நகர்கிறது. நிஜமாகவே ஒன்றும் தெரியாத கேள்வியா, ஆப்ஷனைப் பார்க்காமல் அடி. எந்த எழுத்து என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போ. ஒன்றிரண்டு ஆப்ஷன் நிச்சயம் இல்லை என்று காரணத்தோடு நீக்க முடிந்ததா, தாராளமாக அடி: ஒன்று போனால் சராசரி லாபம் ⅔, இரண்டு போனால் 1½. "என்னவோ தோன்றுகிறது" ரகமா? அதை அளந்து பார்க்காமல் நம்பாதே.

மார்ச் 7

எப்படி அளப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

மாக் எழுதும்போது கேள்வித்தாளில் கேள்வி எண் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் ஒன்றும் வேண்டாம். இரண்டில் ஒன்று என்றால் ஒரு புள்ளி. தோன்றியதை அடித்தால் ஒரு பெருக்கல் குறி. கீ வந்த பிறகு பெருக்கல் போட்டதில் எத்தனை சரி என்று தனியாக எண்ணுங்கள்.

ஒரு மாக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். இருபது கேள்வியில் வரும் விகிதத்துக்குத் திட்டவிலக்கம் கிட்டத்தட்ட 0.1. உங்கள் உண்மையான அளவு ¼-ஆ ⅕-ஆ என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது, இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.05. நூறு கேள்வி சேர்ந்தால் 0.043 ஆகும், அப்போதும் மங்கலாகத்தான் தெரியும். மாதிரி அளவு நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகும், வர்க்கமூலத்தின் குணம் அது. கையில் இருக்கும் பழைய மாக் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

புள்ளி போட்ட கேள்விகளையும் விடாதீர்கள். "இரண்டில் ஒன்று" என்று நினைத்ததில் நிஜமாகப் பாதி சரியா? என் அனுபவத்தில் பாதி வருவதில்லை, ஏனென்றால் சிலர் நீக்கிய இரண்டில்தான் சரியான விடை உட்கார்ந்திருக்கும்.

மார்ச் 8

"தெரியாததுக்கெல்லாம் C அடி, C-தான் அதிகம் வரும்." இது என் மாமா காலத்திலிருந்து சுற்றுகிறது. கீ ஒழுங்காகக் கலைக்கப்பட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் C அடித்தாலும், மாற்றி மாற்றி அடித்தாலும் சராசரி ஒன்றேதான். C-க்கு ஒரே ஒரு நன்மை, யோசிக்க நேரம் போகாது.

இதன் தம்பி இன்னொன்று: "வரிசையாக மூன்று B வந்துவிட்டது, நான்காவது B-யாக இருக்காது." முதல் மூன்றும் உறுதியாகத் தெரிந்தவை என்றால் நான்காவதன் விடை அவற்றைப் பார்த்து முடிவாகவில்லை. தெரிந்த விடையை இதற்காக மாற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டக்கூட முடியாது, முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

"எண்ணிப் பார்த்து எது குறைவாக இருக்கிறதோ அதை அடிக்கலாமே" என்று கேட்பவருக்கு: நான்கு எழுத்தும் சம எண்ணிக்கையில் வைத்திருக்கிறார்கள் என்றால் அது வேலை செய்யும். அதற்கு யார் உத்தரவாதம்?

மார்ச் 11

பேச்சு டிவி வினாடி வினாவுக்குப் போய்விட்டது. ஃபிஃப்டி ஃபிஃப்டி கேட்டால் கம்ப்யூட்டர் இரண்டு தவறான விடையை எடுத்துவிடும். "மனதில் முதலிலேயே A என்று நினைத்திருந்தேன், A தப்பித்து நிற்கிறது. மான்டி ஹால் கணக்குப்படி மாற்றினால் வாய்ப்பு ¾ தானே?" (மான்டி ஹால் ஒரு கதவுப் புதிர்: ஒரு கதவுக்குப் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தொட்டதும் நடத்துபவர் காலியான வேறு கதவைத் திறந்து காட்டி, மாற்றுகிறீர்களா என்பார். அங்கே மாற்றுவதுதான் லாபம்.)

இல்லை. ½ தான். பேயீஸ் தேற்றத்தை இங்கேயே போட்டுவிடலாம். A சரியாக இருந்தால் (வாய்ப்பு ¼) அது நிச்சயம் நிற்கும். A தவறாக இருந்தால் (¾), மூன்று தவறில் இரண்டை எடுக்கும்போது A நிற்க வாய்ப்பு ⅓. ஆக A நிற்பது இரண்டு வழியில்: ¼ × 1 = ¼, ¾ × ⅓ = ¼. இரண்டும் சமம். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

மான்டி ஹாலில் நடத்துபவருக்கு நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று தெரியும், அதைத் திறக்கவே மாட்டார். அதனால் உங்கள் கதவு நிற்பது புதுச் செய்தி இல்லை. இங்கே கம்ப்யூட்டருக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது. A அடிபட்டிருக்கலாம், அடிபடவில்லை, அதனால் ¼ என்பது ½ ஆக உயர்கிறது. திரையில் தெரியும் காட்சி ஒன்றாகவே இருந்தாலும், அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மார்ச் 12

"அண்ணா, கேரியர் கணக்கில் (A நோயில்லாத மரபணு, a நோய் மரபணு) Aa, aA என்று இரண்டு தடவை எண்ணுகிறீர்களே, இரண்டும் ஒன்றுதானே? AA, Aa, aa மூன்று வகை. நோய் இல்லாதது இரண்டு. அப்படியானால் ½ தானே?"

இந்தச் சந்தேகம் வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் டாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணிதர் 1754-இல் கலைக்களஞ்சியத்தில் இதையேதான் எழுதினார். இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு ⅔ என்றார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லையென்றால் பூ-தலை, பூ-பூ. ஆக மூன்று வகை, அதில் இரண்டு சாதகம். விடை ¾. மூன்று வகை என்பது சரிதான், மூன்றும் சம வாய்ப்புள்ளவை இல்லை.

ஒரு ஐந்து ரூபாயையும் ஒரு இரண்டு ரூபாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் தலை இரண்டில் பூ விழுவது ஒரு நிகழ்ச்சி, ஐந்தில் பூ இரண்டில் தலை விழுவது வேறு நிகழ்ச்சி. இரண்டும் ஒரே மாதிரி நாணயமாக இருந்தால் உங்கள் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியாது, நாணயத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைக்கும் அப்படித்தான்: அம்மாவிடமிருந்து a, அப்பாவிடமிருந்து A என்பது ஒரு வழி, மாறி வருவது இன்னொரு வழி.

இதில் கலிலியோ கெட்டிக்காரர். மூன்று பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கை, 10 வரவும் ஆறு சேர்க்கை. ஆனாலும் 10 கொஞ்சம் கூடுதலாக விழுகிறது என்று சூதாடிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அவர் 216-ஐயும் எண்ணிப் பார்த்து 25, 27 என்றார். 3-3-3 ஒரே வழியில் வரும், 3-3-4 மூன்று வழியில் வரும். அத்தனை சிறிய வித்தியாசத்தைக் கையால் உருட்டியே கண்டுபிடித்தவர்கள் எத்தனை நாள் உருட்டியிருப்பார்கள்! வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 19

"ஒன்றையொன்று விலக்கும்" நிகழ்ச்சியும் "சார்பிலா" நிகழ்ச்சியும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு தம்பி விடை போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட எதிரெதிர். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு எடுக்கிறீர்கள். ஏஸ் என்பதும் ராஜா என்பதும் ஒன்றையொன்று விலக்கும்: ஏஸ் என்று தெரிந்த உடனே ராஜாவின் வாய்ப்பு பூஜ்யமாகிவிடுகிறது, இதைவிட அதிகமாக எப்படிச் சார்ந்திருக்க முடியும்? ஏஸ் என்பதும் ஸ்பேடு என்பதும் சார்பிலா: 1/13 × 1/4 = 1/52, ஸ்பேடு ஏஸ் ஒன்றே ஒன்று.

இப்போது கட்டில் ஒரு ஜோக்கரைச் சேருங்கள். 53 சீட்டு. 4/53 × 13/53 = 52/2809. ஸ்பேடு ஏஸ் 1/53 = 53/2809. சமமில்லை. ஒரு ஜோக்கர் வந்ததும் சார்பிலாத் தன்மை போய்விட்டது. சார்பிலா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடாது, பெருக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 5

ஜேஇஇ மெயின் இரண்டாம் அமர்வு நடக்கிறது, அதனால் கணக்குப் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். சராசரி, திட்டவிலக்கம் பகுதியில் பிடித்த கேள்வி: பத்து எண்களின் சராசரி 6, விலக்க வர்க்கச் சராசரி 5. பிறகு பார்த்தால் 4 என்று எழுத வேண்டியதை 9 என்று எழுதிவிட்டார்கள். திருத்திய அளவுகள் என்ன?

ஒருவர் விலக்க வர்க்கச் சராசரியில் நேரடியாகக் கழித்துக் கூட்டியிருக்கிறார். அப்படிப் போகாது. முதலில் இரண்டு கூட்டுத்தொகையை மீட்டெடுங்கள். எண்களின் கூடுதல் 60. வர்க்கங்களின் கூடுதல் 10 × (5 + 36) = 410. இப்போது தப்பை எடுத்துச் சரியைப் போடுங்கள்: 60 − 9 + 4 = 55, 410 − 81 + 16 = 345. சராசரி 5.5. விலக்க வர்க்கச் சராசரி 34.5 − 30.25 = 4.25. இந்த இரண்டு கூட்டுத்தொகையும் கையில் வந்துவிட்டால் எதை எடுத்தாலும் சேர்த்தாலும் ஒரே வேலைதான்.

எல்லா எண்ணோடும் 5 கூட்டினால் திட்டவிலக்கம் மாறாது, எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்கினால் மும்மடங்காகும், விலக்க வர்க்கச் சராசரி ஒன்பது மடங்காகும். இதைக்கூட மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

ஏப்ரல் 6

ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதப்போகும் ஒருவர், "அங்கேயும் கண்ணை மூடி அடிக்கலாமா?" என்கிறார். பல விடை சரியாக இருக்கும் கேள்வியில் அடிக்காதே. முழுதும் சரியென்றால் +4, தவறான ஒன்றைத் தொட்டாலும் −2. இரண்டு விடை சரியான கேள்வியில் கண்ணை மூடி ஒன்றை மட்டும் அடித்தால் பாதி வாய்ப்பில் +1, பாதி வாய்ப்பில் −2. சராசரி −½. நீட் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக்கூடாது.

ஏப்ரல் 13

புத்தாண்டுக்கு முந்தின நாள் ஒரு பொழுதுபோக்கு. நீட்டில் 719 வாங்க முடியுமா?

முடியாது. ஒரு கேள்வியை விட்டால் 716, ஒன்று தவறானால் 715. 720-இலிருந்து கீழே இறங்குவது 4, 5 என்ற இரண்டு அடியில்தான். 4-உம் 5-உம் சேர்த்து 1, 2, 3, 6, 7, 11 இவற்றை மட்டும் உண்டாக்க முடியாது, 12-லிருந்து எல்லாமே முடியும். ஆகவே 719, 718, 717, 714, 713, 709 ஆகிய ஆறும் வராது.

2024 ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது சிலருக்கு 718, 719 இருந்தது. நாடு முழுக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கேட்டது இந்த எளிய கூட்டலால்தான். நேரம் வீணானதற்குக் கருணை மதிப்பெண் கொடுத்தோம் என்று பதில் வந்தது. பிறகு 1,563 பேரின் கருணை மதிப்பெண் ரத்தாகி, ஜூன் 23-இல் மறுதேர்வு நடந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் "இந்த எண் வர முடியுமா" என்று கேட்பதை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பார்களோ.

மே 4, இரவு

இன்று நடந்த நீட்டின் இயற்பியல் பற்றி வரும் புலம்பலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கணக்கு வேண்டாம். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஜூன் 16

நீட் முடிவு வந்துவிட்டது. முதலிடமே 686. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, போன வருடம் 162.

"144 என்றால் 720-இல் இருபது சதவீதம், ஐம்பது பெர்சென்டைல் வேண்டும் என்கிறார்களே?" என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். சார், சதவீதம் தாளைப் பார்த்து வருவது, பெர்சென்டைல் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து வருவது. எழுதிய எல்லோரையும் மார்க் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் மார்க்கைக் கேட்டால் அதுதான் 50ஆவது பெர்சென்டைல். பத்தாம் வகுப்புக்குள் படித்த இடைநிலை அளவேதான். தாள் கடினமானால் நடு ஆள் இறங்குவார், தகுதி மதிப்பெண்ணும் கூடவே இறங்கும்.

ஒருவர், "180 கேள்வியையும் இங்கி பிங்கி போட்டால் தகுதி பெறலாமா?" என்றார். சராசரி 45, திட்டவிலக்கம் 29. 144 என்பது சராசரியிலிருந்து 3.4 திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது. குறைந்தது 65 கேள்வி சரியாக வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது.

ஆனால் எழுதிய 22 லட்சம் பேரும் பேசி வைத்துக்கொண்டு கண்ணை மூடி அடித்தால்? நடு ஆள் 45-க்கு வந்துவிடுவார், தகுதி மதிப்பெண்ணும் 45 ஆகும், பாதிப்பேர் தேறிவிடுவார்கள். யாரும் பாடம் நடத்த வேண்டாம், எனக்கும் டியூஷன் வேலை போய்விடும்.

ஜூன் 17

அந்த அப்பா மறுபடி கேட்டது: ஜேஇஇ பெர்சென்டைலில் 97.xxxxxxx என்று ஏழு தசமம் ஏன்? லட்சக்கணக்கானவர்களை வரிசைப்படுத்தும்போது இரண்டு தசமம் போட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே எண்ணில் நிற்பார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தாள் வேறு. அதனால் அந்த ஷிஃப்டில் உங்கள் அளவோ அதற்குக் கீழோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் மார்க் 60 சதவீதமாகவும் பெர்சென்டைல் 98 ஆகவும் இருக்கலாம், முரண்பாடு ஒன்றும் இல்லை.

ஜூன் 22

ஜூலை 12 குரூப் 4 எழுதப்போகிற அக்கா ஒருவர் இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்போது தெரியாத கேள்விக்கு E போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார். E என்பது "விடை தெரியவில்லை". டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு கிடையாது. 200 கேள்வி, 300 மார்க், ஒன்றுக்கு 1.5. கண்ணை மூடி A-விலிருந்து D-க்குள் ஒன்றைக் கருக்கினால் சராசரி 1.5 × ¼ = 0.375. E-யில் நிச்சயம் பூஜ்யம். மார்ச்சில் எழுதிய உள்ளுணர்வு எச்சரிக்கைகூட இங்கே தேவையில்லை, மிக மோசமாகத் தோன்றினாலும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. இருபது கேள்விக்கு ஏழரை மார்க். ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம் அக்கா, இது வரவில்தான் சேரும்.